நாலாயிரம் புகார், எங்கிருந்து தொடங்குவது?

கணினிக் கேள்வி பதில்

இந்த இதழில் லிண்டர் (நிரலில் உள்ள தவறுகளைச் சுட்டும் கருவி), ஃபார்மேட்டர் (நிரலின் வடிவத்தைச் சீராக்கும் கருவி) பற்றி வந்த கேள்விகள் மட்டும். கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் தமிழெழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எட்டுப் பேர் சேர்ந்து எழுதும் ஜாங்கோ (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) ப்ராஜெக்ட், மூன்று வருடப் பழசு. ரிவ்யூவில் பாதி நேரம் ஒற்றை மேற்கோளா, இரட்டை மேற்கோளா என்பதிலேயே போகிறது. ரஃப் என்ற பைத்தான் லிண்டரை எல்லா ரூல்களையும் திறந்துவிட்டு ஓட்டினோம். நாலாயிரத்துக்கு மேல் புகார். அப்படியே மூடி வைத்துவிட்டோம். எப்படித் தொடங்குவது?
— கோவை வாசகர்

எல்லா ரூல்களையும் திறந்துவிட்டதுதான் வினை. ரஃப்பில் 800க்கு மேல் ரூல்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று நேர் எதிரானவையும் அதில் உண்டு: கிளாஸின் டாக்ஸ்ட்ரிங்குக்கு (விளக்கக் குறிப்புக்கு) முன்னால் வெற்று வரி வேண்டும் என்று டி203 சொல்லும், கூடாது என்று டி211 சொல்லும். அந்த நாலாயிரத்தை மறந்துவிடுங்கள்.

மேற்கோள் சண்டை லிண்டருக்குரிய விஷயமே அல்ல. இடைவெளி, மேற்கோள், வரியை எங்கே மடக்குவது ஆகியவை ஃபார்மேட்டரின் வேலை. அது கேள்வி கேட்காமல் மாற்றி எழுதிவிடும், விவாதத்துக்கு இடமில்லை. பயன்படாத மாறி, இல்லாத பெயர், ஆபத்தான வழக்கம் ஆகியவற்றைச் சுட்டுவது லிண்டரின் வேலை. அதற்குத்தான் மனித மூளை தேவை. ரஃப்பில் இரண்டும் இருப்பதால் குழப்பம் வருகிறது: "ரஃப் ஃபார்மேட்" வேறு, "ரஃப் செக்" வேறு. முதலில் ஃபார்மேட்டை முடியுங்கள்.

தொடங்கும்முன் பதிப்பைப் பூட்டுங்கள். ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் இரட்டைச் சமக்குறி போட்டு ஒரே எண். கூடவே பைப்ராஜெக்ட்.டாம்ல் என்ற அமைப்பு ஃபைலில் "ரிக்வயர்டு-வெர்ஷன்" என்று அதே எண்ணைக் கொடுத்தால், வேறு பதிப்பு வைத்திருப்பவரிடம் ரஃப் ஓடவே மறுக்கும். இது வீண் கெடுபிடி அல்ல. 2025 ஜனவரியில் வந்த 0.9 பதிப்பில் ஃபார்மேட் பாணியே சில இடங்களில் மாறியது. குழுவில் ஒருவர் 0.8, இன்னொருவர் 0.9 என்றால், இவர் மடக்கியதை அவர் பிரிப்பார், அவர் பிரித்ததை இவர் மடக்குவார். கிட்டின் கமிட் வரலாறு (யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு) முழுக்க அந்த இழுபறிதான் இருக்கும்.

பிறகு இரண்டு கமிட்டுகள். முதலாவதில் அமைப்பு ஃபைல் மட்டும். இரண்டாவதில் "ரஃப் ஃபார்மேட் ." ஓட்டியதன் விளைவு மட்டும், அதில் மனிதக் கை ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாது. ரிவ்யூ செய்பவர் அந்த முந்நூறு ஃபைல் டிஃப்பை (மாறிய வரிகளின் பட்டியலை) படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் கமிட்டை எடுத்து, அதே கட்டளையைத் தானும் ஓட்டி, இரண்டாவது கமிட்டோடு ஒப்பிட்டு, வித்தியாசம் ஏதுமில்லை என்று பார்த்தால் போதும். டெஸ்ட்டுகளையும் ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.

இன்னும் மெயினில் இணையாமல் திறந்து கிடக்கும் பிராஞ்சுகள் (தனிக் கிளைகள்)தான் தலைவலி. முடிந்தவரை மெர்ஜ் செய்துவிட்டு, ஃபார்மேட் கமிட்டை வெள்ளிக்கிழமை மாலை மாதிரி ஒரு நேரத்தில் வையுங்கள். அப்படியும் மிஞ்சும் பிராஞ்சுக்கு ஒரு வழி உண்டு. அந்தப் பிராஞ்சில் நின்றுகொண்டு, முதலில் அமைப்பு கமிட் வரை மட்டும் மெர்ஜ் செய்யுங்கள். உண்மையான மோதல்கள் இருந்தால் இங்கே தீர்ந்துவிடும். அடுத்து பிராஞ்சிலேயே "ரஃப் ஃபார்மேட் ." ஓட்டிக் கமிட் செய்யுங்கள். கடைசியாக ஃபார்மேட் கமிட்டை "கிட் மெர்ஜ் -எஸ் அவர்ஸ்" என்று இணையுங்கள். "எனக்கு என் வடிவமே போதும், வரலாற்றை மட்டும் இணை" என்பது அதன் பொருள். உங்கள் வடிவமும் ஏற்கெனவே அதே கருவியால் சீரானது என்பதால் எதுவும் தொலையாது. அமைப்பையும் ஃபார்மேட்டையும் ஒரே கமிட்டில் கலந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். தனித்தனியாகப் போடச் சொன்னதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அடுத்து பிளேம், அதாவது எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் கிட் கட்டளை. எல்லா வரிகளிலும் ஃபார்மேட் செய்தவர் பெயரே வந்து நிற்கும், பாவம். ரெப்போவின் (ப்ராஜெக்ட்டின் கிட் களஞ்சியத்தின்) வேரில் ".கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்" என்று ஒரு ஃபைல் வைத்து, ஃபார்மேட் கமிட்டின் ஹாஷை (அடையாளக் குறியை) 40 எழுத்தும் முழுதாக எழுதுங்கள். கிட்ஹப் இந்த ஃபைலைத் தானாகவே படித்துக்கொள்ளும். உங்கள் கணினியில் "கிட் கான்ஃபிக் பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்" என்று அதைச் சுட்ட வேண்டும், கிட் 2.23 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். இங்கே இரண்டு பள்ளங்கள். ஒன்று, புல் ரிக்வெஸ்ட்டை ஸ்குவாஷ் செய்து (கமிட்டுகளை ஒன்றாக்கி) மெர்ஜ் செய்தால் கமிட்டின் ஹாஷ் மாறிவிடும். பிராஞ்சில் இருந்த பழைய ஹாஷை எழுதி வைத்துவிட்டு "வேலை செய்யவில்லையே" என்று முழிப்பவர்கள் பலர். மெர்ஜ் ஆன பிறகு மெயினில் உள்ள ஹாஷைப் பார்த்து எழுதுங்கள். இன்னொன்று, அந்த கான்ஃபிக்கை "--குளோபல்" என்று போடாதீர்கள். அந்த ஃபைல் இல்லாத மற்ற ரெப்போக்களில் பிளேமே ஓடாமல் பிழை காட்டும்.

ஃபார்மேட் முடிந்தது. இனி லிண்ட். நீங்கள் எதுவும் சொல்லாமல் விட்டால் ரஃப் எடுத்துக்கொள்வது ஈ4, ஈ7, ஈ9, எஃப் என்ற நான்கு தொகுதிகளை மட்டும்தான். அதோடு தொடங்குங்கள். "ரஃப் செக் --ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" என்றால் எந்த ரூலுக்கு எத்தனை புகார் என்று எண்ணிக் காட்டும். முதலிடத்தில் பெரும்பாலும் எஃப்401, அதாவது பயன்படாத இம்போர்ட், இருக்கும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது எஃப்821. அறிவிக்கப்படாத பெயர் என்று பொருள். அந்த வரியை யாராவது ஓட்டும் நாளில் ப்ரோக்ராம் விழும். மூன்றே மூன்று இருந்தாலும் அன்றைக்கே திருத்துங்கள்.

அது ஓய்ந்த பிறகு "எக்ஸ்டெண்ட்-செலக்ட்" வரியில் "ஐ" சேருங்கள். இம்போர்ட்டுகளை அடுக்குவது இந்தத் தொகுதி. ரஃப் ஃபார்மேட் இம்போர்ட்டை அடுக்காது, செக்தான் அடுக்கும்; இதைப் பலர் கவனிப்பதில்லை. பிறகு "பி". அதில் பி006 ஒன்றுக்காகவே இதைச் சேர்க்கலாம்: ஃபங்ஷனின் இயல்பு மதிப்பாக வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால், அந்தப் பட்டியல் ஒரே ஒரு முறைதான் உருவாகும். இந்த அழைப்பில் சேர்த்தது அடுத்த அழைப்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மிச்சமிருக்கும் பழைய புகார்களுக்கு "ரஃப் செக் --ஆட்-நோக்யூஏ". புகார் உள்ள ஒவ்வொரு வரியின் கடைசியிலும் "# நோக்யூஏ" என்று தொடங்கும் விலக்குக் குறிப்பை அதுவே எழுதிவிடும். எண்ணிக்கை அந்தக் கணமே பூஜ்யம். பழைய பாவம் கண்ணுக்குத் தெரிகிறது, புதிய பாவம் சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சர்வரில்) நிற்கிறது. சிஐயில் "ரஃப் செக் ." ஒரு வரி, "ரஃப் ஃபார்மேட் --செக் ." ஒரு வரி. டெஸ்ட்டுகளுக்கு முன்னால் வையுங்கள். சில நொடி வேலைக்காகப் பத்து நிமிடம் காத்திருந்து தோற்க வேண்டாமே.

"--ஃபிக்ஸ்" கொடுத்ததும் புகார்கள் மளமளவென்று தீர்ந்தன. மறுநாள் ஒரு ரிப்போர்ட் காலியாக வந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. லிண்டர் நிரலைக் கெடுக்குமா?
— திருச்சி வாசகர்

நீங்கள் அனுப்பிய வரிகளில் விடை இருக்கிறது. எஸ்க்யூஎல்ஆல்கெமி (டேட்டாபேஸோடு பேசும் பைத்தான் லைப்ரரி) வினவலில் இப்படி இருந்தது:

ஃபில்டர்(ஆர்டர்.கேன்சல்டு_அட் == நன்)

ஃபிக்ஸுக்குப் பிறகு:

ஃபில்டர்(ஆர்டர்.கேன்சல்டு_அட் இஸ் நன்)

சாதாரணப் பைத்தானில் இரண்டாவதுதான் சரி. ஈ711 ரூல் அதைத்தான் வற்புறுத்துகிறது. ஆனால் எஸ்க்யூஎல்ஆல்கெமி "==" குறிக்குத் தானே ஒரு பொருள் கொடுத்து வைத்திருக்கிறது. அது உண்மையா பொய்யா என்று பார்ப்பதில்லை, "இஸ் நல்" என்ற எஸ்க்யூஎல் துண்டை உருவாக்கித் தருகிறது. "இஸ்" என்ற சொல்லுக்கு எந்த லைப்ரரியும் அப்படிப் பொருள் மாற்ற முடியாது. பைத்தான் அந்த இடத்திலேயே, "இந்தக் காலம் நன் என்ற பொருள்தானா? இல்லை" என்று தீர்த்து, ஃபால்ஸ் என்ற விடையை ஃபில்டருக்குக் கொடுத்துவிட்டது. எப்போதும் பொய்யான நிபந்தனைக்கு ஒரு வரிகூடத் திரும்பாது. "!= நன்" என்று எழுதியிருந்தால் இதன் மறுபக்கம் நடந்திருக்கும்: நிபந்தனையே இல்லாததுபோல எல்லா வரியும் வந்திருக்கும். காலி ரிப்போர்ட் கண்ணில் படும். நிறைந்த ரிப்போர்ட்டை யார் சந்தேகிப்பார்கள்?

திருத்தம்: ".இஸ்_(நன்)", ".இஸ்_நாட்(நன்)" என்று எழுதுங்கள். லிண்டரும் வாயடைக்கும், வினவலும் சரியாக ஓடும்.

ரஃப் இதைத் தன்னிச்சையாகச் செய்திருக்காது. ஈ711க்கான திருத்தத்தை அது "ஆபத்தானது" என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறது. யாரோ "--அன்சேஃப்-ஃபிக்ஸஸ்" என்பதையும் சேர்த்துத் தட்டியிருக்க வேண்டும். அந்தக் கொடியை (ஃப்ளாக்) ரெப்போ முழுவதற்கும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரு ரூல், ஒரு ஃபோல்டர் என்று கொடுத்து, டிஃப்பை வரிவரியாகப் படியுங்கள்.

பாதுகாப்பானது என்று வகைப்பட்ட திருத்தத்திலும் ஒரு கண்ணி உண்டு. ஜாங்கோவில் ஆப்ஸ்.பிஒய் ஃபைலின் ரெடி ஃபங்ஷனுக்குள் சிக்னல்ஸ் மாட்யூலை (ஏதாவது நடந்ததும் மின்னஞ்சல் அனுப்புவது போன்ற வேலைகள் இருக்கும் இடம்) இம்போர்ட் செய்வோம். அந்தப் பெயரை வேறெங்கும் தொடமாட்டோம். இம்போர்ட் ஆவதே அதன் பயன். எஃப்401 அதை வெட்டிப் போட்டுவிடும். பிழை வராது, டெஸ்ட் எழுதாத சிக்னல் என்றால் சத்தமே வராது, மின்னஞ்சல் போவது மட்டும் நின்றிருக்கும். ஃபிக்ஸ் ஓட்டுவதற்கு முன் அப்படிப்பட்ட வரிகளின் கடைசியில் "# நோக்யூஏ: எஃப்401" என்று எழுதிவிடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட். சேவ் செய்தால் ஒரு வடிவம், கமிட் செய்தால் இன்னொரு வடிவம். ஈஎஸ்லிண்ட்டும் ப்ரிட்டியரும் அடித்துக்கொள்கின்றன.
— சென்னை வாசகர்

ஒரே மாட்டுக்கு இரண்டு பேர் மூக்கணாங்கயிறு பிடித்திருக்கிறீர்கள். ஈஎஸ்லிண்ட் ஜாவாஸ்கிரிப்ட்டின் லிண்டர், ப்ரிட்டியர் ஃபார்மேட்டர். உங்கள் அமைப்பில் ஈஎஸ்லிண்ட்டின் "இன்டென்ட்" ரூல் நான்கு இடம் கேட்கிறது, ப்ரிட்டியர் இரண்டு வைக்கிறது. வடிவத்தை ப்ரிட்டியரிடம் விட்டுவிட்டு, ஈஎஸ்லிண்ட்டிலிருந்து வடிவ ரூல்களை எடுத்துவிடுங்கள். 2023இல் வந்த 8.53 பதிப்பிலேயே ஈஎஸ்லிண்ட் குழு தன் வடிவ ரூல்களைக் கைவிட்டதாக அறிவித்துவிட்டது. மிச்சம் மீதியை அணைக்க "ஈஎஸ்லிண்ட்-கான்ஃபிக்-ப்ரிட்டியர்" இருக்கிறது. அமைப்புப் பட்டியலில் அது கடைசியில் வர வேண்டும். பின்னால் வருவதுதான் முன்னால் வந்ததை மீறும். "என்பிஎக்ஸ் ஈஎஸ்லிண்ட்-கான்ஃபிக்-ப்ரிட்டியர்" என்று தட்டி ஏதாவது ஒரு ஃபைலின் பெயரைக் கொடுத்தால், இன்னும் மோதும் ரூல்கள் எவை என்று பட்டியல் தரும்.

நீங்கள் ஈஎஸ்லிண்ட் 9க்கு மாறியதும் டிஸ்ட் ஃபோல்டரிலிருந்து (பில்டு செய்த நிரல் விழும் இடம்) ஆயிரக்கணக்கில் புகார் வருகிறது என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அது தனிக் கதை. 2024 ஏப்ரலில் வந்த 9.0 முதல் ஈஎஸ்லிண்ட்.கான்ஃபிக்.ஜேஎஸ் என்ற தட்டையான அமைப்புதான் இயல்பு. பழைய .ஈஎஸ்லிண்ட்இக்னோர் ஃபைலை அது திரும்பியும் பார்ப்பதில்லை. விலக்க வேண்டியதை "இக்னோர்ஸ்" என்று புதிய ஃபைலுக்குள் எழுத வேண்டும், அதுவும் தனி ஆப்ஜெக்ட்டாக. "ரூல்ஸ்" இருக்கும் ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே "இக்னோர்ஸ்" எழுதினால் அந்த ஆப்ஜெக்ட்டின் ரூல்களுக்கு மட்டும் விலக்கு கிடைக்கும். மற்ற ரூல்கள் டிஸ்ட்டைத் தொடர்ந்து மேயும்.

இன்னொன்று: "வார்ன்" என்ற நிலையே உங்கள் அமைப்பில் வேண்டாம். ஒரு ரூல் முக்கியம் என்றால் "எர்ரர்", இல்லையென்றால் "ஆஃப்". முந்நூறு மஞ்சள் வரிகள் ஓடும் திரையில் முந்நூற்றோராவது வரியை யாரும் படிப்பதில்லை. சிஐயில் "--மேக்ஸ்-வார்னிங்ஸ் 0" கொடுத்துவிடுங்கள். பழைய புகார்கள் தடுத்தால், 2025இல் வந்த 9.24 முதல் "--சப்ரெஸ்-ஆல்" இருக்கிறது. இப்போது உள்ளவற்றை ஃபைல்வாரியாக எண்ணி ஒரு ஜேசன் ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டு, அந்த எண்ணிக்கை கூடினால் மட்டும் கத்தும். அந்த ஜேசனையும் கமிட் செய்ய வேண்டும். பழையதைத் திருத்தி எண்ணிக்கை குறைந்தாலும் ஈஎஸ்லிண்ட் தோல்வி என்றே சொல்லும். "--ப்ரூன்-சப்ரெஷன்ஸ்" ஓட்டிப் பட்டியலைச் சுருக்கிவிடுங்கள்.

விண்டோஸ் வைத்திருக்கும் ஒருவருக்கு மட்டும் ஒவ்வொரு வரியிலும் "டெலீட்" என்று ப்ரிட்டியர் காட்டுகிறது. வரியில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை.
— மதுரை வாசகர்

தெரியாது. வரி முடிவுக் குறிதான் அங்கே பிரச்சினை. விண்டோஸுக்கான கிட், ஃபைலை எடுக்கும்போது எல்எஃப் (யூனிக்ஸ் வழக்கம்) முடிவை சிஆர்எல்எஃப் (விண்டோஸ் வழக்கம்) ஆக மாற்றித் தருகிறது. 2020இல் வந்த ப்ரிட்டியர் 2.0 முதல் எல்எஃப்தான் இயல்பு. ரெப்போவில் ".கிட்ஆட்ரிபியூட்ஸ்" ஃபைல் வைத்து "* டெக்ஸ்ட்=ஆட்டோ ஈஓஎல்=எல்எஃப்" என்று எழுதி, "கிட் ஆட் --ரீநார்மலைஸ் ." ஓட்டிக் கமிட் செய்யுங்கள். பேட் ஃபைல்கள் இருந்தால் அவற்றுக்குத் தனியாக சிஆர்எல்எஃப் என்று இன்னொரு வரி. அந்த நண்பரிடம் ஏற்கெனவே இருக்கும் ஃபைல்கள் தானாக மாறா. புதிதாக ஒரு முறை குளோன் செய்யச் சொல்வது எளிது. ப்ரிட்டியரில் "எண்ட்ஆஃப்லைன்: ஆட்டோ" என்று போடச் சொல்லும் அறிவுரையும் சுற்றுகிறது. அது புகாரை மறைக்கும், கலப்பு முடிவுகள் ரெப்போவுக்குள் வருவதைத் தடுக்காது.

ப்ரீ-கமிட் ஹுக் போட்டோம். பாதிப் பேர் "--நோ-வெரிஃபை" போட்டுத் தாண்டிவிடுகிறார்கள். மீதிப் பேருக்கு ஹுக் ஓடுவதே இல்லை.
— சேலம் வாசகர்

ஓடாததற்குக் காரணம்: ஹுக்குகள் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்டுகள்) .கிட் ஃபோல்டருக்குள் இருப்பவை, குளோன் செய்தால் கூட வராது. ஒவ்வொருவரும் தன் கணினியில் ஒரு முறை "ப்ரீ-கமிட் இன்ஸ்டால்" தட்டியே ஆக வேண்டும். ப்ராஜெக்ட்டைத் தயார் செய்யும் ஸ்கிரிப்ட்டுக்குள் அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்.

தாண்டுகிறவர்களைக் கோபித்துப் பயனில்லை, ஏன் தாண்டுகிறார்கள் என்று பாருங்கள். ஹுக்குக்குள் டெஸ்ட், டைப் செக், டாக்கர் எல்லாம் அடைத்து, ஒரு கமிட்டுக்கு ஒரு நிமிடம் ஆகிறதென்றால் யாராக இருந்தாலும் தாண்டத்தான் செய்வார்கள். மாறிய ஃபைல்களுக்கு மட்டும் ஃபார்மேட், லிண்ட்; இரண்டு மூன்று நொடிக்குள் முடிய வேண்டும். மற்றது சிஐக்கு. புதியவர்கள் குழம்பும் இடம் இன்னொன்று: ஹுக் ஏதாவது ஒரு ஃபைலைத் திருத்தினால் அந்தக் கமிட் தோற்றுவிடும். எதுவும் கெட்டுவிடவில்லை, மாறியதை மறுபடி "கிட் ஆட்" செய்து கமிட் செய்தால் போய்விடும். இதை முதல் நாளே சொல்லிக் கொடுக்காவிட்டால் "--நோ-வெரிஃபை" பழக்கம் அங்கேதான் பிறக்கும்.

ஹுக் வசதிக்காக இருப்பது, காவல் சிஐயில்தான். சிஐ பச்சையாகாமல் மெயினில் மெர்ஜ் ஆகாதபடி பிராஞ்சுப் பாதுகாப்பைப் போட்டுவிட்டால், ஹுக்கைத் தாண்டினாலும் வாசலில் நிற்க வேண்டும். ஹுக்கில் உள்ள பதிப்பும் சிஐ பதிப்பும் ஒன்றுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ரீ-கமிட்டின் யாமல் ஃபைலில் "ரெவ்" என்று தனியாக ஓர் எண் இருக்கும். ரிக்வயர்மென்ட்ஸை உயர்த்துபவர் அதை மறந்துவிடுவார்.

இடம் விடுவதும் அடைப்புக்குறியும் வெறும் அழகுதானே? கம்பைலருக்கு அதெல்லாம் ஒன்றுதான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். "லிண்ட்" என்றால் என்ன?
— திருப்பூர் கல்லூரி மாணவி

உங்கள் ஊரில் லிண்டுக்கு அர்த்தம் சொல்லவே தேவையில்லை: துணியில் ஒட்டும் பஞ்சுப் பிசிறு. சி நிரலில் ஒட்டியிருக்கும் பிசிறுகளைப் பொறுக்க 1978இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய ப்ரோக்ராமுக்கு அந்தப் பெயர் வைத்தார். அதுவே பொதுப் பெயராகிவிட்டது.

கம்பைலருக்கு ஒன்றுதான் என்பது சரி. அதனால்தான் ஆபத்து. ஆப்பிளின் எஸ்எஸ்எல் நிரலில், சர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷனில், இப்படி ஓர் இடம் இருந்தது:

இஃப் ((எர் = …) != 0)
    கோட்டூ ஃபெயில்;
    கோட்டூ ஃபெயில்;

இரண்டாவது வரி எப்படியோ இரட்டித்துவிட்டது. உள்ளே தள்ளி எழுதியிருப்பதால் இஃப்புக்குள் இருப்பதாகக் கண் நம்பும். நெளிவடைப்பு இல்லாததால் கம்பைலருக்கு முதல் வரி மட்டுமே இஃப்புக்குச் சொந்தம். இரண்டாவது எப்போதும் ஓடும். அந்த நேரத்தில் "எர்" மதிப்பு 0, அதாவது பிழையில்லை. கையொப்பத்தைச் சரிபார்க்கும் மிச்ச வரிகளைத் தாண்டிக் குதித்து, "எல்லாம் சரி" என்று திரும்பியது. 2014 பிப்ரவரி 21 அன்று ஐஓஎஸ் 7.0.6 வெளியிட்டுத் திருத்தினார்கள்.

ஒரு ஃபார்மேட்டர் ஓடியிருந்தால் இரண்டாவது வரியை இடப்பக்கம் இழுத்து இஃப்புக்கு நேராக நிறுத்தியிருக்கும், டிஃப்பில் பளிச்சென்று தெரிந்திருக்கும். நெளிவடைப்பைக் கட்டாயமாக்கும் ரூல் இருந்திருந்தால் வரி இரட்டித்தாலும் அது அடைப்புக்குள்ளேயே கிடந்து கெடுதல் செய்யாமல் போயிருக்கும். 2016இல் வந்த ஜிசிசி 6 முதல் "-வால்" கொடுத்தாலே, ஏமாற்றும் உள்தள்ளலைக் கம்பைலரே சுட்டிக்காட்டுகிறது. உங்கள் நண்பர்களை அதைப் போட்டு லேப் நிரல்களைக் கம்பைல் செய்யச் சொல்லுங்கள்.

தமிழ் சொல்லாட்டம் ஒன்று எழுதுகிறோம். ரெகெக்ஸில் (எழுத்துகளைத் தேடும் வார்ப்பில்) உயிர்மெய் எழுத்துகளைப் பெட்டி அடைப்புக்குள் போட்டால் ஈஎஸ்லிண்ட் "நோ-மிஸ்லீடிங்-கேரக்டர்-கிளாஸ்" என்று சிவப்பு காட்டுகிறது. தமிழ் தெரியாத கருவி என்று அந்த ரூலை அணைத்துவிடலாமா?
— தஞ்சாவூர் வாசகர்

அணைக்காதீர்கள். இந்த இடத்தில் அது நம்மைவிட நன்றாகத் தமிழ் பார்க்கிறது.

"கா" நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் "க" ஒன்று, துணைக்கால் ஒன்று, ஆக இரண்டு குறியீடுகள். பெட்டி அடைப்பு என்பது "இவற்றில் ஏதாவது ஒரு குறியீடு" என்ற பொருள் தரும். எனவே [கா] என்று எழுதினால், "க அல்லது வெறும் துணைக்கால்" என்று ஆகிறது. /^[கா]$/ என்ற ரெகெக்ஸில் "கா" என்பதையே கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்: ஃபால்ஸ் வரும். "க" கொடுத்தால் ட்ரூ. [காகீகூ] என்று நீட்டினால் "கெ"யில் உள்ள "க"வும் உள்ளே மாட்டும். ரெகெக்ஸின் கடைசியில் "யு" கொடி சேர்ப்பதும் இங்கே உதவாது. அது எமோஜி போன்ற இரட்டைக் குறியீடுகளுக்குத்தான் மருந்து.

பெட்டியை விட்டு, (?:கா|கீ|கூ) என்று செங்குத்துக் கோடிட்டு எழுதுங்கள். இன்னொரு எச்சரிக்கை: "கொ" இரண்டு விதமாக வரும். "க"வும் ஒற்றைக் கொம்புக்கால் குறியீடும் என்று இரண்டாக வரலாம், "க", கொம்பு, கால் என்று மூன்றாகவும் வரலாம். திரையில் வேறுபாடு துளியும் தெரியாது, ஒப்பிட்டால் சமமில்லை என்றே வரும். ஆடுபவர் தட்டுவதை வாங்கிய உடனே "நார்மலைஸ்" ஃபங்ஷனில் என்எஃப்சி கொடுத்து ஒரே வடிவமாக்கிவிடுங்கள். எந்த லிண்டரும் இதைப் பிடித்துத் தராது.

வரி நீள ரூலும் தமிழில் இடறும். "தமிழ்" மூன்றெழுத்து, குறியீட்டுக் கணக்கில் ஐந்து. குறியீடுகளை எண்ணும் கருவியில், திரையில் குட்டையாகத் தெரியும் வரியும் வரம்பைத் தாண்டிவிட்டதாகப் புகார் வரும். ஃபார்மேட்டரும் ஸ்ட்ரிங்கை உடைத்துத் தராது. நீளமான தமிழ் வாசகங்களை நிரலுக்குள் வைக்காமல் மொழிபெயர்ப்பு ஃபைலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். எழுத்துப்பிழை திருத்துபவரும் நிரலைத் தொட வேண்டியிராது.

டேபா, ஸ்பேஸா? — வேலூர்

கோ மொழி என்றால் கோஃப்எம்டி டேப் வைக்கும், பைத்தான் என்றால் ரஃப் நான்கு ஸ்பேஸ் வைக்கும். கருவியின் இயல்பை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள், நிம்மதி.

வரிக்கு 79, 88, 100, எது? — நாகர்கோவில்

79 பெப்8 ஆவணம் சொன்னது (2001). 88 பிளாக் ஃபார்மேட்டரின் இயல்பு, ரஃப்பும் அதையே எடுத்துக்கொண்டது. இரண்டு ஃபைல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரிவ்யூ செய்பவர்களுக்கு 100க்கு மேல் போனால் வரி மடங்கித் தெரியும். தேர்ந்தெடுத்த பிறகு மாற்றாதீர்கள். மாற்றினால் இன்னொரு முந்நூறு ஃபைல் கமிட்.

மூன்றே உருப்படி உள்ள சின்னப் பட்டியலை ரஃப் மூன்று வரியாகவே பிரித்து வைக்கிறது. ஒரே வரியில் கொள்ளுமே? — ஈரோடு

கடைசி உருப்படிக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி இருக்கிறது, பாருங்கள். "வரிக்கு ஒன்றாக வை" என்று நீங்கள் சொன்னதாக ரஃப்பும் பிளாக்கும் எடுத்துக்கொள்ளும். காற்புள்ளியை எடுத்துவிட்டு ஓட்டினால் ஒரே வரியாகும். கையால் அழகாக அடுக்கிய மேட்ரிக்ஸைத் தொட வேண்டாம் என்றால் மேலே "# எஃப்எம்டி: ஆஃப்", கீழே "# எஃப்எம்டி: ஆன்".

ஆறு மாதமாக நன்றாகப் போகிறது. ஆனால் "நோக்யூஏ" குறிப்புகள் ரெப்போ முழுக்கப் பெருகிவிட்டன. குறைப்பது எப்படி?
— புதுச்சேரி வாசகர்

முதலில் வெறும் "# நோக்யூஏ" என்று எண்ணில்லாமல் எழுதியவற்றைப் பிடியுங்கள். அந்த வரியில் இனி வரப்போகும் எல்லாப் பிழைக்கும் சேர்த்து அது வாய்ப்பூட்டு. பிஜிஹெச்004 ரூலைச் சேர்த்தால் அத்தனையும் வெளியே வரும். அடுத்து ஆர்யூஎஃப்100: நிரல் மாறிவிட்டதால் இனி எதையும் அடக்காத குறிப்புகளை அது காட்டும், "--ஃபிக்ஸ்" கொடுத்தால் அழித்தும் தரும். பழைய ரெப்போக்களில் இதிலேயே கணிசமாகக் குறையும். ஆனால் ஒரு கவனம்: தற்காலிகமாக அணைத்து வைத்த ரூலுக்கான குறிப்பும் அதன் கண்ணுக்குப் பயனற்றதாகத்தான் தெரியும். அணைத்தவற்றைத் திறந்துவிட்டு ஓட்டுங்கள்.

ஈஎஸ்லிண்ட் 9இல் பயனற்ற விலக்குகளைத் தானாகவே எச்சரிக்கையாகக் காட்டுகிறது. "--மேக்ஸ்-வார்னிங்ஸ் 0" இருந்தால் அதுவும் சிஐயை நிறுத்தும். புதிதாக எழுதும் விலக்குக்கு, ரூல் பெயருக்குப் பின் இரண்டு கோடிட்டுக் காரணம் எழுதும் வசதி ஈஎஸ்லிண்ட்டில் இருக்கிறது. "பழைய ஏபிஐ இந்தப் பெயரில்தான் அனுப்புகிறது" என்று ஆறேழு சொல் போதும். காரணம் எழுத வராத விலக்கை ரிவ்யூவில் திருப்பி அனுப்புங்கள். மிஞ்சியதை மாதம் ஒரு முறை "கிட் க்ரெப் -சி நோக்யூஏ" என்று எண்ணிப் பாருங்கள். அது ஃபைல்வாரியாகக் காட்டும், எந்த ஃபைலில் குவிந்திருக்கிறதோ அங்கே ஒருவரை உட்கார வைக்கலாம்.